வெள்ளிக்கிழமை வெள்ளை

வாப்பா,

நேற்று உம்மா கொடியில் காய்ந்த தன் வெள்ளைச் சேலையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வெளிச்சத்துக்கு வந்தாள். உங்களுக்காக இத்தாவில் இருக்கிறாள். நீங்கள் போன நாளிலிருந்து வெள்ளைதான் உடுத்துகிறாள், வீட்டை விட்டு வெளியே போவதில்லை. முந்தானையை இரண்டு கையாலும் விரித்து வெயிலுக்கு நேரே பிடித்தாள். கறிவேப்பிலை கேட்டு வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, "இது வெள்ளையா இருக்கா பாரும்மா, மஞ்சளா தெரியுதா?" என்று கேட்டாள். அவள், "பளிச்சுன்னுல்லா இருக்கு பெரிம்மா" என்றாள். உம்மா தலையை ஆட்டினாள், ஆனால் நம்பவில்லை. அந்தப் பெண் போனதும் நீலக் குப்பியை எடுத்து வாளித் தண்ணீரில் சில சொட்டு விட்டு, காய்ந்த சேலையை மறுபடியும் முக்கினாள்.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சட்டியை அப்படியே வைத்துவிட்டேன். இறந்து மையித்தாகிப் போனவர்களை நல்லதாகத்தான் நினைக்க வேண்டும் என்று சொல்லி வளர்த்தீர்கள். என்னால் முடியவில்லை. நேற்று உங்கள் மேல் வந்த கோபம் நீங்கள் இருந்தபோதுகூட எனக்கு வந்ததில்லை. இதை நீங்கள் படிக்கப்போவதில்லை என்று தெரியும். உயிரோடு இருந்தபோதும் நான் சொன்னதைக் காதில் வாங்கியவர் இல்லை என்பதால், பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

உங்கள் கண்ணைப் பற்றி டவுன் கடைத்தெருவே பேசும். சேலைக்குப் பொருத்தமாக பிளவுஸ் துணி வாங்க வேண்டுமென்றால் அண்ணாச்சி கடைக்குப் போ என்று உங்கள் கடையைத்தான் காட்டுவார்கள். மற்ற கடைகளில் பத்துத் துணியை எடுத்துப் போட்டு ஒவ்வொன்றாகச் சேலையோடு வைத்துப் பார்ப்பார்கள். நீங்கள் சேலையை ஒருமுறை பார்ப்பீர்கள். முதுகைக் காட்டிக்கொண்டு அடுக்கிலிருந்து ஒன்றை உருவுவீர்கள். அரக்கென்றால் அதே அரக்கு, வாடாமல்லி என்றால் அதே வாடாமல்லி. பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கடையில் உட்கார்ந்து இதைப் பார்ப்பது எனக்கு அப்போது சர்க்கஸ் பார்ப்பது போல இருக்கும்.

இருந்தும் உடனே வெட்டிக் கொடுக்கமாட்டீர்கள். சேலையையும் துணியையும் கொண்டுபோய்த் தெருவில் வைத்துப் பார்த்துவிட்டு வரச் சொல்வீர்கள். "டியூப் லைட்ட நம்பாதிய. கலரு துணியில பாதி, வெளிச்சத்துல பாதி." இந்த வாக்கியத்தை எத்தனை பெண்களிடம் சொல்லியிருப்பீர்கள். மழைக்காலத்தில் மேகம் மூட்டியிருந்தால், நாளைக்கு வாருங்கள் என்று வந்த வியாபாரத்தையே திருப்பி அனுப்பியதும் உண்டு.

கல்லூரியில் இயற்பியல் படிக்கும்போதுதான் அதன் காரணம் எனக்குப் பிடிபட்டது. சிவப்பு ஒளியின் அலை நீளமானது, நீலத்தின் அலை குட்டையானது. துணி தன்மேல் விழும் அலைகளில் சிலவற்றை விழுங்கிக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பி வருவதுதான் நமக்கு நிறம். விழுகிற விளக்கொளியிலேயே ஓர் அலைநீளம் குறைவாக இருந்தால், துணி எதைத் திருப்பி அனுப்பும்? கடைக்குள் அக்கா தங்கை போல இருந்த இரண்டு துணிகள் வெயிலுக்கு வந்ததும் யாரோ எவரோ என்று நிற்பது அதனால்தான். அன்று வீட்டுக்கு ஓடிவந்து உங்களிடம் சொன்னேன். "இதுக்கு ஒரு புஸ்தகம் வேற போட்டுருக்கானா?" என்று சிரித்தீர்கள். அன்று ராத்திரி சாப்பிடும்போது உம்மாவிடம், "நான் சொல்லுததத்தான் இவ காலேஜ்ல சொல்லிக் குடுக்கான்" என்று பெருமையடித்துக்கொண்டீர்கள். அந்த வாப்பாவை எனக்குப் பிடிக்கும். அந்த வாப்பா மட்டும் இருந்திருந்தால் இப்படி ஒரு மடலுக்கு வேலையே இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நீங்கள் போட்டுப்போகும் வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, தொப்பி மூன்றும் உம்மாவின் பொறுப்பு. வியாழக்கிழமையே ஊற வைப்பாள். பேட்டையில் நம் தெருவுக்கு ஆற்றுத் தண்ணீர் வரும் நாள் வரும், வராத நாள் வராது. அடிபம்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, துணி பழுப்பேறும். அதனால் ஆற்றுத் தண்ணீரில் ஒரு பெரிய பானை நிறைய உங்கள் துணிக்கென்று தனியாகப் பிடித்து மூடி வைப்பாள். நாங்கள் குளிக்க அடிபம்பு, உங்கள் வேட்டிக்குத் தாமிரபரணி. கடைசி அலசலில் நீலம் விடுவாள். எத்தனை சொட்டு என்பது அவள் விரலுக்குத் தெரியும். ஈரத்தோடு தூக்கிப் பார்த்துவிட்டு, "ம்" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். அந்தச் சத்தம் வந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தச் சத்தத்தை நிறுத்தியது நீங்கள்தான்.

முதலில் சின்னச் சின்னதாகத்தான் தொடங்கினீர்கள். சோப்பை மாத்து, இன்னும் கொஞ்சம் நீலம் விடு, வெயில்ல நல்லாக் காயப்போடு. பிறகு ஒரு நோன்புப் பெருநாள் காலையில், வீடு நிறைய சொந்தக்காரர்கள் இருக்கும்போது, சட்டையை விரித்துப் பார்த்துவிட்டு, "இதயா வெள்ளைங்குத? மஞ்சத் தண்ணியில முக்கி எடுத்த மாதிரி இருக்கு" என்றீர்கள். உம்மா பைய, "வெளிச்சத்துல கொண்டுபோய்ப் பாருங்க" என்றாள். உங்கள் வார்த்தையைத்தான் உங்களிடம் சொன்னாள்.

கொண்டுபோய்ப் பார்த்தீர்கள். அதுதான் கொடுமை. வாசலுக்குப் போய் வெயிலில் சட்டையைப் பிடித்துப் பார்த்தீர்கள், அங்கேயும் அது மஞ்சளாகத்தான் இருந்தது. அத்தோடு உங்களுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. சட்டையை முற்றத்தில் விட்டெறிந்தீர்கள். கோழி மேயும் இடத்தில் போய் விழுந்தது. உறையோடு இருந்த ஒரு புதுக் கலர்ச் சட்டையைப் பிரித்து, மடிப்புக் கோடுகளோடு போட்டுக்கொண்டு தொழப் போனீர்கள். உம்மா விழுந்த சட்டையை எடுத்து உதறி வாளியில் போட்டுவிட்டு, வந்தவர்களுக்குப் பிரியாணி பரிமாறினாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கடையிலும் ஆரம்பித்திருந்தது. கறுப்புக்குக் கருநீலத்தைக் கொடுத்தீர்கள். கத்தரிப்பூ நிறம் கேட்டவருக்குப் பழுப்பை வெட்டிக் கொடுத்தீர்கள். துணியைத் திருப்பிக் கொண்டுவந்த பெண்களிடம் சண்டை போட்டீர்கள். கடையில் புதிதாக மாட்டிய எல்.இ.டி. விளக்கில்தான் கோளாறு என்று அதைக் கழற்றி வேறு மாட்டினீர்கள், அதையும் கழற்றினீர்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். உலகத்தில் உள்ள எல்லா வெளிச்சத்தையும் சந்தேகப்பட்ட நீங்கள், உங்கள் கண்ணை மட்டும் சந்தேகப்படவில்லை.

நான் சொன்னேன், வாப்பா. சொல்லாமல் இல்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னேன். கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதாக ஆகப் பழுப்பேறும். பழுப்பேறிய வில்லை முதலில் தடுத்து நிறுத்துவது குட்டை அலைகளை, ஊதாவையும் நீலத்தையும். வெள்ளை என்பது தனியான ஒரு நிறமில்லை, எல்லா அலைகளும் சேர்ந்து வந்தால்தான் வெள்ளை. அதில் நீலம் வழியிலேயே நின்றுபோனால் மிச்சம் வந்து சேர்வது மஞ்சள்தான். கொஞ்ச காலம் மூளை அதைச் சரிக்கட்டிக்கொள்ளும், வில்லை ரொம்பப் பழுத்துவிட்டால் அதுவும் கைவிட்டுவிடும். துணியை எந்த வெயிலுக்குக் கொண்டுபோனாலும் வில்லை உங்கள் கூடவேதானே வரும் என்று கேட்டேன்.

"ஏளா, எனக்கே கண்ணு சொல்லித் தாரியா? இந்தக் கண்ணுதான் ஒன்னயப் படிக்க வச்சது" என்றீர்கள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று வாய்வரைக்கும் வந்தது. மரியாதைக்காக விழுங்கினேன். இன்று நினைத்தால் துப்பியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

அடுத்து நீங்கள் செய்ததுதான் என்னால் மறக்க முடியாதது. வெள்ளிக்கிழமைத் துணியை மேலப்பாளையத்தில் இருக்கும் உங்கள் அக்கா வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தீர்கள். கட்டிய பெண்டாட்டி வீட்டில் இருக்க, புருஷன் துணி வெளியே வெளுக்கப் போனால் தெருவில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? பையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் கிளம்பும் நேரம் உம்மா அடுக்களைக்குள் போய்விடுவாள். அந்த மாமிக்கு இதிலெல்லாம் பெரிய நுணுக்கம் கிடையாது. தம்பி கேட்டான் என்று நீலத்தை ஊற்றினாள். பத்தவில்லை என்றீர்கள், இன்னும் ஊற்றினாள். உங்கள் பழுத்த வில்லைக்கு வெள்ளையாகத் தெரியும்வரை ஊற்றினாள்.

நீலம் துணிக்கு வெள்ளையைக் கொண்டுவருவதில்லை, வாப்பா. துணியிலிருந்து திரும்பி வரும் மஞ்சள் பக்கத்து அலைகளில் கொஞ்சத்தை விழுங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். அளவோடு இருந்தால் நம் கண் அதை வெள்ளை என்று ஒப்புக்கொள்ளும். அளவு மீறினால் துணி நீலம். நீங்கள் வாரா வாரம் வானத்து நிறத்தில் வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு, "இதுதாம்ல வெள்ளை" என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனீர்கள். முதல் வரிசையில் போய் நின்றீர்கள். ஒருவரும் உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய மனிதர், எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டார்கள். என் கணவர் மட்டும் வீட்டுக்கு வந்து என்னிடம், "ஒங்க வாப்பா என்ன, யூனிபார்ம் மாதிரி போட்டுட்டு வாராக?" என்று கேட்டார்.

சொன்னது உம்மா ஒருத்திதான். "நீலமா இருக்குங்க. இதப் போட்டுட்டுப் பள்ளிக்குப் போவாண்டாம்." உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. உங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னாள். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஒரு வேட்டி வெளுக்கத் துப்பில்ல. வெளுத்தவளக் கொறை சொல்ல வந்துட்டா. பொறாமை."

அந்த நாளுக்குப் பிறகு உம்மா உங்கள் துணியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. தன் துணியை, என் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டையை, தலையணை உறையைக்கூட வெளிச்சத்தில் பிடித்து யாரையாவது கேட்க ஆரம்பித்தாள். வெள்ளையா இருக்கா? மஞ்சளா தெரியுதா? உங்கள் கண்ணில் இருந்த பழுதை அவள் கண்ணுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டீர்கள். நன்றாக இருந்த கண் அது.

கடைசியில் கண்ணாஸ்பத்திரிக்குப் போனதும் நான் சொல்லி இல்லை. சந்திப்பு பஸ் ஸ்டாண்டில் பஸ் நம்பர் தெரியாமல் தென்காசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டு, அந்த வெட்கத்தில் போனீர்கள். வில்லை காப்பித் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது, இத்தனை நாள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். முதலில் வலது கண், கொஞ்ச நாள் கழித்து இடது என்று முடிவானது.

கட்டுப் பிரித்து நாங்கள் உங்களை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, சுவரைப் பார்த்து, "இது எப்ப அடிச்ச பெயிண்டு? நீலம் பாஞ்சுருக்கு" என்றீர்கள். யாரும் அடிக்கவில்லை. பிறகு உள்ளறைக்குப் போனீர்கள். உங்களுக்கு டீ எடுத்துக்கொண்டு நான் வந்தபோது, அலமாரி திறந்திருந்தது. ஒரு கையில் மாமி வெளுத்த சட்டை. மறு கையில், அடியில் மடித்துக் கிடந்த, உம்மா எப்போதோ வெளுத்த சட்டை. ஜன்னலுக்கு நேரே நின்றுகொண்டு, இரண்டையும் மேசையில் பரப்பி, வலது கண்ணைப் பொத்திப் பார்த்தீர்கள். பிறகு இடது கண்ணைப் பொத்திப் பார்த்தீர்கள். மறுபடியும் வலது, மறுபடியும் இடது. பழைய கண்ணுக்கு உம்மாவின் சட்டை மஞ்சள், மாமியின் சட்டை வெள்ளை. புதிய கண்ணுக்கு உம்மாவுடையது வெள்ளை, மாமியுடையது நீலம். டீச்சராக நான் வகுப்பில் விளக்கப் படாத பாடு படுவதை உங்கள் இரண்டு கண்ணும் ஒரே ஜன்னலில் காட்டிக் கொடுத்துவிட்டன. சட்டையை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தீர்கள். நான் உள்ளே வராமல் நின்றேன். இப்போது எழுந்து அடுக்களைக்குப் போவீர்கள் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

நீங்கள் இரண்டு சட்டையையும் மடித்து உள்ளே வைத்தீர்கள். என்னைப் பார்த்ததும், "டீ ஆறிப்போச்சா?" என்றீர்கள். சாயங்காலம் உம்மாவிடம், "இனிமே அங்கன அனுப்பாண்டாம். இங்கனயே வெளு. நீலம் ரொம்பப் போடாத" என்று உத்தரவு போட்டீர்கள். நீலம் ரொம்பப் போடாத. போட்டது யார், போடச் சொன்னது யார்? விழுந்தவருக்கு மீசையில்தான் மண் ஒட்டாது என்பார்கள், உங்களுக்குத் தாடியிலும் ஒட்டவில்லை. உம்மா, "சரிங்க" என்றாள்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தேன். மத்தியானம், கூட்டம் இல்லை. "உம்மாட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க வாப்பா" என்றேன்.

"என்னத்தச் சொல்ல?"

"கோளாறு எங்கண்ணுலதான் இருந்துச்சு, ஒன் கையில இல்லன்னு சொல்லுங்க. போதும்."

துணியை மடித்துக்கொண்டே இருந்தீர்கள். கோபப்படவில்லை. அதனால் எனக்கு நம்பிக்கை வந்தது. கடைசியில், "புருசன் பொஞ்சாதிக்குள்ள இதெல்லாம் வாய்விட்டுச் சொல்லுவாகளாளா? சொல்லாமலே அவளுக்குத் தெரியும்" என்றீர்கள். எத்தனையோ பெண்களிடம் எத்தனையோ நிறத்தைப் பற்றிப் பேசிய வாய்க்கு, வீட்டுக்குள் ஒரு வரி பேச முடியவில்லை. அடுத்த கண்ணுக்குத் தேதி குறிப்பதற்குள் நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரி வாசல்வரை உம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். அப்போதுகூட நேரம் இருந்தது.

இத்தனை நாள் நான் உம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. வாப்பாவுக்கு உண்மை தெரியும், தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை என்று சொன்னால் அது அவளுக்கு ஆறுதலா, இன்னும் ஒரு அடியா என்று எனக்கு விளங்கவில்லை. நேற்று அந்தக் காய்ந்த சேலையை அவள் மறுபடி முக்கியதைப் பார்த்ததும் பொறுக்க முடியவில்லை. வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னல், இரண்டு சட்டை, நீங்கள் மாற்றி மாற்றிக் கண்ணைப் பொத்தியது, கடையில் நீங்கள் சொன்ன பதில்.

உம்மா சேலையைப் பிழிந்துகொண்டே கேட்டாள். பிறகு, "தெரியும்ளா" என்றாள். "ஒனக்குப் பின்னாலதான் நின்னேன், தண்ணிச் செம்போட. நானும் பாத்தேன்."

"பெறவு ஏன்மா கேக்கல?"

"நான் கேட்டு அவுக சொன்னா, அது நான் வாங்குனதுல்லா. அவுகளா சொல்லணும். ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் சட்டையக் கையில குடுக்கையில மொகத்தப் பாப்பேன். இன்னைக்குச் சொல்லுவாகளா, இன்னைக்குச் சொல்லுவாகளான்னு. வாங்கிப் போட்டுட்டுப் போயிருவாக."

"அப்ப ஒங்க கண்ணு சரிதான்னு தெரியும்லா? எதுக்கு இன்னும் வாரவ போறவகிட்டல்லாம் கேக்கிய?"

சேலையைக் கொடியில் போட்டு, சுருக்கத்தை நீவிவிட்டாள். "அவுக ஒருவாட்டி சொல்லியிருந்தா கேக்க மாட்டேன்" என்றாள்.

சொல்லாமலே அவளுக்குத் தெரியும் என்றீர்களே, சரிதான், தெரிந்திருக்கிறது. தெரிந்தவளுக்குத்தான் அந்த வார்த்தை வேண்டியிருந்தது. இது உங்களுக்கு ஏன் புரியாமல் போயிற்று?

உங்களைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி இட்டு, எடுப்பதற்கு முன் முகம் பார்க்கப் பெண்களை விட்டார்கள். வழக்கப்படி எல்லாரும் உங்கள் குற்றங்குறைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள். "பொறுத்துக்கிட்டேன்னு சொல்லுங்க, கபுருக்குழியில அவுகளுக்கு லேசா இருக்கும்" என்று உம்மாவின் தோளைத் தொட்டார்கள். உம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன்" என்று உங்கள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, கேட்கும்படி சொன்னாள். அடுத்து என் பக்கம் திரும்பினார்கள். நான் துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறாள் என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

நான் அழவில்லை. சொல்லவும் இல்லை. தொழுகைக்குப் பின் உங்களுக்காகத் தினமும் கையேந்துகிறேன், யாசீன் ஓதுகிறேன், அதில் குறை வைக்கவில்லை. ஆனால் 'பொறுத்துக்கிட்டேன்' என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் இன்னும் என்னிடமே இருக்கிறது. எனக்கு உங்கள் கண் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு வந்தது உங்கள் வாய் என்று இப்போதுதான் தெரிகிறது. என்றாவது சொல்வேனாக இருக்கலாம். அதுவரை உம்மா காத்திருந்தாளே, அதுபோல நீங்களும் காத்திருங்கள், வாப்பா.